மக்பெத்தைக் கெடுத்தது பேராசை மட்டும்தானா?

மூன்றாம் வருஷ மாணவன்:
பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ராஜா டங்கனைக் கொன்று பட்டத்துக்கு வரும் தளபதி மக்பெத் அழிந்ததற்குக் கட்டுக்கடங்காத பேராசைதான் காரணம் என்று நோட்ஸில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சூனியக்காரிகள் ஆசை காட்டுகிறார்கள், பெண்டாட்டி உசுப்பேற்றுகிறாள். இதில் அவன் தப்பு எவ்வளவு?

ராக்கோழி:
கிழவிகள் மேல் பழி போடாதீர்கள். பக்கத்தில்தான் சக தளபதி பாங்கோவும் நின்றான். உன் வம்சம் ஆளும் என்று அவனுக்கும்தான் சொன்னார்கள், அவன் கத்தியைத் தூக்கினானா? மக்பெத்திடம் ராஜா ஆவாய் என்றார்களே தவிர, கொன்றுவிட்டு ஆகு என்று சொல்லவே இல்லை. அது அவன் சொந்தச் சரக்கு.

பழைய வாத்தியார்:
தம்பி, இருபது வருஷத்துக்கு மேல் இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு தடவை கல்லூரி விழாவில் மேடையும் ஏற்றினோம். மக்பெத் வேஷம் கட்டிய பையன் முதல் நாள் ஒத்திகையிலேயே ஒட்டுமீசையை முறுக்கிப் பல்லைக் கடித்தான். முதல் அங்கம், ஏழாம் காட்சி வந்ததும் மாட்டிக்கொண்டான்.

அங்கே மக்பெத் தனியாக நின்று கணக்குப் போடுகிறான். டங்கன் எனக்கு உறவு, என் ராஜா, இன்று ராத்திரி என் வீட்டு விருந்தாளி, போதாததற்கு நல்ல மனுஷன். என்னைக் கிளப்ப ஆசையைத் தவிர வேறு தார்க்குச்சி கிடையாது, அதுவும் எகிறிக் குதித்து அந்தப் பக்கம் விழுந்துவிடும் என்று அவனே சொல்கிறான். மனைவி வந்ததும் "இதோடு விட்டுவிடுவோம்" என்கிறான். இத்தனையும் தெரிந்து, அதே ராத்திரி கொல்கிறான். பையன் குழம்பிப்போய், "சார், இவன் வில்லனா, நல்லவனா?" என்றான். மீசையைக் கழற்றிவிட்டு மறுபடி பேசிப் பார் என்றேன்.

இன்னொன்று. இரண்டாம் அங்கம் முடிவதற்குள் கிரீடம் கைக்கு வந்தாயிற்று. அப்புறம் பாங்கோவை எதற்குக் கொல்ல வேண்டும்? பயம். பிள்ளை இல்லாதவன், பாங்கோவின் பிள்ளைகளுக்காகவா பாவம் சுமந்தேன் என்ற வயிற்றெரிச்சல் வேறு. அவனை எதிர்க்கும் பிரபு மக்டஃப் இங்கிலாந்துக்குப் போனபின் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை வெட்டச் சொல்கிறானே, அதில் ஒரு முழம் நிலமாவது கிடைத்ததா? பேராசை முதல் கொலையோடு சரி, மிச்சத்தைப் பயம் செய்தது என்று எழுது. சோக நாயகனை வீழ்த்தும் தவறுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்ட்டியா என்ற சொல்லுக்கும் குறி தப்புதல் என்றுதான் வேர்ப்பொருள். நோட்ஸ்காரர்கள் அதைக் குணக்கேடு ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாம் வருஷ மாணவன்:
நன்றி சார். அப்போது அவன் மனைவி?

பழைய வாத்தியார்:
வாய்தான் பெரிசு. தூங்கும்போது டங்கன் என் அப்பா ஜாடையில் இல்லாதிருந்தால் நானே முடித்திருப்பேன் என்கிறாளே, அந்த இடத்தைப் படி. கடைசியில் தூக்கத்தில் கை கழுவுகிறவளும் அவள்தான்.

கல்வெட்டுப் பைத்தியம்:
நிஜ மக்பெத் பாவம்! 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். டங்கன் செத்தது சண்டையில், படுக்கையில் இல்லை, கிழவனும் இல்லை. ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹாலின்ஷெட் வரலாற்றில் பாங்கோவும் கொலைக்குக் கூட்டு. 1603இல் இங்கிலாந்து அரியணை ஏறிய ஜேம்ஸ் பாங்கோ வம்சம் என்று நம்பிய காலம் அது, நாடகத்தில் அவனை உத்தமனாக்காமல் விடுவார்களா? ராக்கோழி கவனிக்க.

ராக்கோழி:
கவனித்தேன். ஆனாலும் பரீட்சைக்கு நாடகத்துப் பாங்கோதான்.