ஐஎம்எம்மா, ஜொகூரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அடுத்த மாதம் கடலூரிலிருந்து நானும் அம்மாவும் அக்காவும் சிங்கப்பூர் போகிறோம். கடைக்கென்று கிடைப்பது ஒரே ஒரு பகல்தான்.

ஜூரோங் ஈஸ்டில் எம்ஆர்டி மெட்ரோ ரயிலை விட்டு இறங்கினால் ஐஎம்எம் அவுட்லெட் மாலுக்கு நடந்தே போய்விடலாம். டூரிஸ்டுகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் 100 டாலருக்கு வாங்கினால் 9 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதியை ஏர்போர்ட்டில் திரும்பக் கேட்கலாம். அக்காவோ, குலாயில் இருக்கும் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது மலேசியா. சிங்கப்பூரிலிருந்து அங்கே போகும் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இமிகிரேஷன் வரிசை, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

வாங்க வேண்டியது ஒரு டிராலி பெட்டி, அப்புறம் அப்பாவுக்கு 11ஆம் நம்பர் ஷூ. (இங்கே கேட்டால் "10 தான் சார் இருக்கு, போடப் போட லூசாயிடும்" என்கிறார்கள்!)

பெரிய சைஸ் எங்கே கிடைக்கும்? வார நாளில் பாலத்தில் கூட்டம் குறையுமா?