சிப்பிப்பாறை நாய்க்கு பெல்ட் சைஸ் எப்படிப் பார்ப்பது? தலை வழியாகக் கழன்று வந்துவிடுகிறது

கோவை_நிலா:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சிப்பிப்பாறைப் பெண் குட்டி இருக்கிறாள், பெயர் சிட்டு, எட்டு மாதம் முடிந்துவிட்டது. கடையில் எடையைக் கேட்டுவிட்டு 'எம்' சைஸ் நைலான் பெல்ட் கொடுத்தார்கள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வைத்தால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நேற்று நடக்கக் கூட்டிப் போனபோது லாரி ஹாரன் அடித்ததும் பயந்து தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே இழுத்தாள், பெல்ட் காதைத் தாண்டிக் கழன்று என் கையில் தொங்குகிறது, அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். டீக்கடை அண்ணா ஒருவர் பிஸ்கட் காட்டிப் பிடித்துக் கொடுத்தார். கொஞ்சம் இறுக்கினால் இருமுகிறாள், தளர்த்தினால் கழன்றுவிடுகிறது. நடுவில் ஒரு சைஸ் இருக்கிறதா, இல்லை வேறு மாதிரி பெல்ட்டே வாங்க வேண்டுமா? தீபாவளி வேறு வருகிறது, வெடிச்சத்தத்தில் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

சாத்தூர்_மணி:
தங்கச்சி, எடையைக் கேட்டு பெல்ட் கொடுத்தார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான். லாப்ரடார் மாதிரி நாய்க்குக் கழுத்தைவிடத் தலை நல்ல பெரிது, சாதாரண பெல்ட் காதுக்குப் பின்னால் தட்டி நின்றுவிடும். சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல் எல்லாம் ஓடி முயல் பிடிக்க வளர்த்த இனங்கள், தலை ஒடுங்கி நீண்டிருக்கும், தலைச் சுற்றளவும் கழுத்துச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இந்த நாய்களுக்குக் கழுத்தை மட்டும் அளந்தால் போதாது, தலையையும் அளக்க வேண்டும்.

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு நூலால் சுற்றி அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். சிட்டு நின்றுகொண்டு நேராகப் பார்க்கும்போது அளக்கவும், படுத்திருக்கும்போது அளந்தால் மாறும். முதலில் காதுக்கு நேர் பின்னால், தாடைக்குக் கீழே, கழுத்து மெலிந்திருக்கும் இடம். அப்புறம் கழுத்து தோளோடு சேரும் இடம். கடைசியாகத் தலை, அதாவது காதுக்கு முன்னால் உச்சியிலிருந்து தாடைக்குக் கீழே ஒரு சுற்று, எங்கே அதிகம் வருகிறதோ அது. டேப்பை அழுத்தாமல் தோலில் பட்டும் படாமலும் வையுங்கள். மூன்றையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அதற்குள் ஒன்று. இப்போதைய பெல்ட்டை நம்பி வாசலைத் தாண்டாதீர்கள்.

ராஜபாளையத்து_ராஜா:
எங்களிடம் இருப்பது ராஜபாளையம் ஆண். தலை நல்ல கனம், தொண்டையில் தோலும் கொஞ்சம் தொங்கும், அதனால் சாதாரணத் தோல் பெல்ட்டே நிற்கிறது. தோல் பெல்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெல்ட்டின் மொத்த நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பக்கிளிலிருந்து நடு ஓட்டை வரை எவ்வளவோ அதுதான் சைஸ், கழுத்து அளவு அந்த நடு ஓட்டையில் உட்கார வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் கூட்டிக் குறைக்க இடம் இருக்கும். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் காது கேட்காமலே பிறக்கும், அப்படிப்பட்ட நாய் பெல்ட் கழன்று ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த மாதிரி நாய் வளர்ப்பவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நாமக்கல்_வெட்_மாணவி:
நிலா அக்கா, இருமல் வருவது மூச்சுக்குழாய் மேல் அழுத்தம் விழுவதால். மெல்லிய பெல்ட்டில் அந்த அழுத்தம் ஒரே கோட்டில் இறங்கும், அகலமான பெல்ட்டில் பரவிவிடும். நீண்ட கழுத்துள்ள இந்த நாய்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு இன்ச் அகலம் நன்றாக இருக்கும். முடியும் குட்டை, தோலும் மெல்லியது, அதனால் உள்பக்கம் மெத்தென்று துணி வைத்துத் தைத்ததாகப் பாருங்கள்.

இன்னொன்று, இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வளரும் குட்டிக்குப் போட்ட பெல்ட்டை வாரா வாரம் விரல் விட்டுப் பாருங்கள். கட்டிப்போட்டே வளர்க்கும் வீடுகளில் குட்டிக்குப் போட்ட பெல்ட்டை அப்படியே மறந்துவிடுகிறார்கள். கழுத்து பெருக்கிறது, பெல்ட் பெருப்பதில்லை, தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடுகிறது. மேலே முடி மூடியிருக்கும், நாற்றம் வந்த பிறகுதான் கவனிப்பார்கள், முடியை மழித்துப் பார்த்தால் சுற்றிலும் சீழ். மயக்கம் கொடுத்துத்தான் பெல்ட்டை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நிமிஷ வேலையைச் செய்யாததால் அந்தக் குட்டி இத்தனை வலியை அனுபவிக்கிறது. எட்டு மாதம் என்றால் சிட்டுவுக்கும் கழுத்து இன்னும் கொஞ்சம் பெருக்கும், ஒரு முறை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள்.

உண்ணிக்குப் போடும் மருந்து பெல்ட்டுக்கும் இரண்டு விரல் கணக்குதான். ரொம்பத் தொளதொளவென்று தொங்கினால் தோலில் படாது, மருந்து வேலை செய்யாது. பெல்ட்டில் மிச்சமாகத் தொங்கும் முனையை வெட்டிவிடுங்கள், நாய் கடித்துத் தின்றுவிடும்.

கோவை_நிலா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன் மணி அண்ணா. காதுக்குப் பின்னால் 12.5 இன்ச், தோள் பக்கம் 15, தலை 13.5. கழுத்துக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இருக்காது என்று என் தம்பி சொல்கிறான், அது சரியா?

சாத்தூர்_மணி:
உங்கள் அளவிலேயே பதில் இருக்கிறது, பாருங்கள். 12.5 இன்ச் கழுத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டால் பெல்ட் ஏறக்குறைய 13.5 ஆகிவிடும். தலையும் 13.5. அப்புறம் கழலாமல் என்ன செய்யும்? கழலாத அளவுக்கு இறுக்கினால் மூச்சு முட்டுகிறது. நீங்கள் கேட்ட நடு சைஸ் சாதாரண பெல்ட்டில் கிடையாது.

மார்ட்டிங்கேல் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பெரிய பட்டை, அதன் இரண்டு முனையிலும் வளையம், அந்த வளையங்களுக்குள் ஓடும் சின்னப் பட்டை ஒன்று, அதில்தான் கயிறு மாட்டுவது. சும்மா நடக்கும்போது தளர்வாக இருக்கும், நாய் பின்னால் இழுத்தால் சின்னப் பட்டை இழுபட்டுப் பெரிய பட்டையைக் கழுத்தளவுக்குக் குறுக்கும், அதோடு நின்றுவிடும். சுருக்குச் சங்கிலி மாதிரி இறுகிக்கொண்டே போகாது. சிட்டுவுக்கு முழுக்கத் தளர்ந்தால் 14 இன்ச், முழுக்க இறுகினால் 12 வருகிற மாதிரி வையுங்கள். தளர்ந்த 14 தலை வழியாக மாட்டுவதற்கு. இழுக்கும்போது 12.5-இல் கழுத்தைப் பிடித்து நிற்கும், அப்போது இரண்டு வளையங்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பெல்ட் அதற்கு மேல் குறுகாது, இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், பெரிய பட்டையைக் குறையுங்கள்.

சாதாரண ஹார்னஸில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி இருக்கும், தோளைக் குறுக்கிப் பின்னால் போனால் அதுவும் உருவிக்கொண்டு வரும். விலா முடிகிற இடத்துக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டை வருகிற மாதிரி இருந்தால் வாங்கலாம். தீபாவளி வாரத்தில் அதையும் மார்ட்டிங்கேலையும் சேர்த்துப் போட்டு இரண்டு கயிறாகப் பிடியுங்கள், வெடி ஆரம்பிப்பதற்கு முன்பே காலையில் நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள்.

உக்கடம்_பை_கடை:
நான் பை, பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், நாய் பெல்ட்டும் தைத்துத் தருவேன். மார்ட்டிங்கேல் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் இரண்டு இன்ச் அகலத்தில் தேட வேண்டியிருக்கும். கனமான மெஷின் உள்ள எந்தப் பை கடையிலும் அளவைக் கொடுத்தால் தைத்துவிடுவார்கள். நைலான் நாடா, நான்கு மூலைக்கும் தையல் போய் நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள், நேர்த்தையல் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். வளையம் வாங்கும்போது வாய் சேருமிடத்தைப் பாருங்கள், பற்றவைத்ததாக இருக்க வேண்டும். வெறுமனே வளைத்துவிட்ட வளையம் ஒரு பெரிய இழுப்பில் வாயைத் திறந்துவிடும். பிளாஸ்டிக் கொக்கியும் வேண்டாம், இது தலை வழியாக மாட்டுவது, கொக்கிக்கே வேலை இல்லை.

நாமக்கல்_வெட்_மாணவி:
மணி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மார்ட்டிங்கேலை நடக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தச் சின்னப் பட்டை கேட்டிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டினால் கழுத்து இறுகும். வீட்டுக்குள் ஃபோன் நம்பர் எழுதிய லேசான பெல்ட் போதும், அது கழன்றால்கூடப் பரவாயில்லை.

கோவை_நிலா:
சரி, பை கடையிலேயே தைத்துக்கொள்கிறேன். வந்ததும் ரோட்டுக்குப் போகும் முன்னால் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

சாத்தூர்_மணி:
வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு மாட்டுங்கள். பெல்ட் காதுக்குப் பின்னால் மேலே இருக்கட்டும், தோள் பக்கம் இறங்க விடாதீர்கள். நீங்கள் அவளுக்கு முன்னால் நின்று கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள், இன்னொருவர் பின்னால் நின்று தின்ன ஏதாவது காட்டிக் கூப்பிடட்டும். பின்வாங்கும்போது பெல்ட் காதைத் தாண்டக் கூடாது, இருமலும் வரக் கூடாது. தாண்டினால் பெரிய பட்டையில் அரை இன்ச் குறைத்துத் திரும்பப் பாருங்கள். வளையம் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.