ஹவாய் குயில்ட்: வந்த கலையா, சொந்தக் கலையா?

வால்நூல்:
தையல் கற்றுக்கொடுத்தது அமெரிக்க மிஷனரிப் பெண்கள். அப்படியிருக்க, ஹவாய் குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) ஹவாய் மக்களின் சொந்தக் கலை என்பது எப்படி? இன்னொன்று, இந்தக் குயில்ட்டுக்காகத் துணியை எட்டாக மடித்து வெட்டிய உருவம் விரித்ததும் கோணிக்கொள்கிறதே, ஏன்?

மரவுரி:
ஊசியும் பருத்தித் துணியும் வெளியிலிருந்து வந்தவைதான். 1820 ஏப்ரலில், மிஷனரிகள் வந்த தாடியஸ் கப்பலின் மேல்தளத்திலேயே அரசகுலப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தது சின்னத் துண்டுகளை இணைக்கும் வேலை. வௌக்கே மரப்பட்டையை அடித்து அகல அகலமாக 'கப்பா' என்ற மரவுரித் துணி எடுத்துப் பழகியவர்களுக்கு, முழுத் துணியைத் துண்டுபோட்டுத் திரும்ப ஒட்டுவதில் என்ன இருக்கிறது? படுக்கும் கப்பாவே பல அடுக்குதான். ஓரத்தில் சேர்த்துத் தைத்து, மேலடுக்குக்கு மட்டும் சாயம் போடுவார்கள். குயில்ட்டில் தொடர்வது அந்த அமைப்பு: ஒரே துணியில் வெட்டிய பெரிய உருவம், பெரும்பாலும் இரண்டே நிறம். உருவத்தின் பெயருக்குள் 'கவோனா' என்ற மறைபொருளும் இருக்கும். அது தைத்தவருக்கும் நெருங்கியவர்களுக்கும்தான் தெரியும். அடுத்தவர் உருவத்தைக் கேட்காமல் எடுப்பது தப்பு. முதல் குயில்ட்டுக்குச் சீமைப்பலா உருவம்; வளம் குறையாது என்று நம்பிக்கை.

ஓட்டுத்தையல்:
கோணுவதற்குக் காரணம் மூன்றாவது மடிப்பு. முதல் இரண்டும் இழை நேருக்குப் போகும். மூன்றாவது மூலைவாட்டில், அதாவது கிராஸில் விழுகிறது. கிராஸ் துணி இழுத்தால் நீளும். ஒவ்வொரு மடிப்பையும் இஸ்திரி போடுங்கள், தேய்க்காமல் அழுத்தி மட்டும். எட்டு அடுக்கையும் குண்டூசியால் பிடித்த பிறகே வெட்டுங்கள். பின்னணித் துணியிலும் அதே மடிப்புக் கோடுகள் வேண்டும்; கோட்டின்மேல் கோடு பொருத்தி, நடுவிலிருந்து வெளியே விரியுங்கள், தூக்கி உதறாதீர்கள். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி டேக் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்), பிறகு ஊசிமுனையால் அரைக்கால் அங்குலம் மடித்துத் தைப்பது. உள்வளைவு மூலைகளில் பிசிறும். அங்கே மட்டும் நெருக்கமாக மூன்று நான்கு தையல். கடைசியில் உருவத்தைச் சுற்றிச் சுமார் அரை அங்குல இடைவெளியில் அலைபோலத் தையல் வரிகள்.

வால்நூல்:
ஹவாயின் கடைசி ராணி லிலியுஓகலானியின் குயில்ட்டும் இப்படித்தானா?

மரவுரி:
இல்லை. 1895இல் இயோலானி அரண்மனையில் சிறைவைக்கப்பட்டபோது தொடங்கியது அது. ஒழுங்கற்ற பட்டுத் துண்டுகளை இணைத்து எம்பிராய்டரி போட்ட 'கிரேஸி குயில்ட்'. மிஷனரிகளின் துண்டு வேலைக்குத்தான் நெருக்கம்! அரசியலை இதோடு சேர்த்துப் பார்ப்பதென்றால் 'குஉ ஹயே அலோஹா' ('என் அன்புக் கொடி') என்ற கொடிக் குயில்ட்டைப் பாருங்கள்: நடுவில் அரசுச் சின்னம், சுற்றி நான்கு ஹவாய்க் கொடிகள். 1893இல் முடியாட்சியைக் கவிழ்த்த பிறகு, கம்பத்திலிருந்து இறங்கிய கொடி படுக்கையில் இருந்தது.