ஒடுங்கு பண்பா, பதுங்கு பண்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மரபியலில் மெண்டலின் பட்டாணிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். இரண்டு வகைகளைக் கலந்தால் முதல் தலைமுறையில் வெளிப்படுவது ஓங்கு பண்பு (டாமினன்ட்), மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு (ரிசஸிவ்). இந்தச் சொற்களில் மோனை அழகாக விழுந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைக்கு ஓங்குவது தென்னை, ஒடுங்குவது கன்னம். பட்டாணியிலும் நெட்டைதான் ஓங்கு, குட்டைதான் ஒடுங்கு என்று அமைந்துவிட்டதா, உயரமானதெல்லாம் ஓங்கு என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். மனிதரில் அகோண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மை ஓங்கு பண்பு என்றால் விழிக்கிறார்கள். ஒடுங்கு என்றால் அரிதானது என்றும் நினைப்பு. ஓ வகை ரத்தம் ஒடுங்கு பண்புதான். உலகில் அதிகம் பேருக்கு இருப்பதும் அதுதான்.

1866இல் மெண்டல் 'ரிசஸிவ்' என்று பெயர் வைத்ததே, கலப்பில் மறைந்து அடுத்த தலைமுறையில் மாறாமல் திரும்பி வருவதால்தான். நெட்டைகளுக்குள் மறைந்திருந்த குட்டை, 1064 செடிகளில் 277 ஆக எட்டிப்பார்த்தது. தேய்ந்து போனது எதுவும் இல்லை. அதனால் 'பதுங்கு பண்பு' என்கிறேன். புலி பதுங்குவது எதற்கென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பட்டாணியை விடுங்கள், நெல்லுக்கு வருவோம். 1966இல் வந்த ஐ.ஆர்.8, பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவான் குட்டை ரகம் ஒன்றையும் கலந்து எடுத்தது. முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அடுத்ததில்தான் ஏறத்தாழ நாலில் ஒன்று குட்டை. தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் சுரக்க உதவும் மரபணு ஒன்று குட்டையில் பழுது. ஒவ்வொரு பயிரிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே பயிர் நெட்டையாகிவிடும். இரண்டும் பழுதானால்தான் குட்டை. ஒன்றை மற்றொன்று அமுக்குவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் சாயாமல் நிற்கும் பயிரைப் போய் 'ஒடுங்கியது' என்று எப்படிச் சொல்ல?

விதைப்பண்ணையில் கலவன் (ரகத்தில் சேராத கலப்புச் செடி) எடுப்பவர்களுக்கு இது பாடமே இல்லாமல் தெரியும். குட்டை ரக வயலில் பக்கத்து வயல் நெட்டையின் மகரந்தம் சேர்ந்திருந்தால், மறு பட்டத்தில் கலவன் தலைதூக்கி நிற்கும், பார்த்ததும் பிடுங்கிவிடலாம். நெட்டை ரக வயலில் குட்டையின் மகரந்தம் புகுந்தால் மறு பட்டத்தில் கண்ணுக்கே படாது. பதுங்கியிருக்கும்!

'பதுங்கு' என்ற என் யோசனையை நம் மன்னார்குடி ஐயா மறுத்து எழுதியதைப் பார்த்தேன். சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது அழிவு அல்ல, ஒடுங்கியது மீண்டும் தோன்றும், ஆகவே பழைய சொல்லிலேயே பொருள் இருக்கிறது என்கிறார். நல்ல வாதம், எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஐயா, பத்தாம் வகுப்புப் பையன் ஆதீனத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவன் இல்லையே. பதுங்குவதில் திருட்டு வாடை அடிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அடிக்கட்டும், நினைவில் நிற்கும். இலங்கைப் பாடநூல்களின் 'பின்னிடைவு' பொருளுக்கு நெருக்கம்தான். இங்கே அதைக் கேட்டால் தேர்தல் முடிவுதான் ஞாபகம் வருகிறது.

சரி, ஓங்குக்கு? 'முந்து பண்பு' என்று வைத்துப் பார்த்தேன். முந்து, பதுங்கு. வகுப்பில் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஏபி ரத்த வகை வந்தது. ஏ, பி இரண்டும் சேர்ந்தே வெளிப்படும்போது எது எதை முந்துகிறது? 'உடன்முந்து' என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. யாராவது ஒரு சொல் கொடுங்கள்.