3 வயதுக் குழந்தைக்குக் கண், காது இரண்டிலும் குறைபாடு: வீட்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

கயல்_திண்டிவனம்:

மகளுக்கு 3 வயது, பிறவி ரூபெல்லா (கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய வைரஸ் நோய்). இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி, தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறாள். பெரா என்ற காது நரம்பு டெஸ்ட்டில் இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று வந்து, 5 மாதமாகக் காது மெஷின். கண்ணாடியும் மெஷினும் பத்து நிமிடம் தங்குவதில்லை, பிடுங்கி எறிகிறாள். குளிப்பாட்டத் தூக்கினால் அலறல், சாப்பிட உட்கார வைத்தால் அலறல். கண்ணுக்கு ஓர் ஆஸ்பத்திரி, காதுக்கு ஓர் ஆஸ்பத்திரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்து யாரும் சொன்னதில்லை. வீட்டில் நாங்கள் இருவர், மாமனார், மாமியார். தினமும் வீட்டிலேயே என்ன செய்யலாம்? சான்றிதழும் இன்னும் எடுக்கவில்லை.

சிறப்பாசிரியர்_கடலூர்:

கயல், அந்த அலறலைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் வருவது அவளுக்குத் தெரியாது, கூப்பிட்டாலும் கேட்காது. திடீரென்று இரண்டு கை வந்து தூக்கும், அடுத்த நிமிடம் தலையில் தண்ணீர். நாமாக இருந்தாலும் கத்துவோம். பேச்சா சைகையா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வந்திருப்பது யார், அடுத்து என்ன, இந்த இரண்டு செய்தியை முதலில் அவள் கைக்குக் கொடுங்கள்.

யார்: கிட்டே போனதும் தோளில் லேசாகக் கை வைத்து, எடுக்காமல் அப்படியே இருங்கள். அவள் கவனம் திரும்பியதும் உங்கள் கையை அவள் கைக்குக் கீழே கொண்டுபோய் வளையலைத் தொடவிடுங்கள். அப்பாவுக்கு வாட்ச், தாத்தாவுக்குத் தோள் துண்டு, பாட்டிக்கு மோதிரம். ஆளுக்கு ஒன்றுதான். விசேஷத்துக்குப் போகிறேன் என்று வளையலை மாற்றிவிட்டால் அன்றைக்கு அவளைப் பொறுத்தவரை நீங்கள் வேறு ஆள்.

என்ன: தூக்குவதற்கு முன் இரண்டு அக்குளுக்குக் கீழும் இரண்டு தட்டு, பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புதான் எல்லா வீட்டிலும் தவறிப்போகிறது. தட்டிய கையாலேயே தூக்கிவிடுகிறார்கள், அப்போது தட்டு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் நான்கு ஐந்து தொடு குறிப்புகள் போதும். எந்தத் தட்டு, எந்த இடம், எத்தனை முறை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், நால்வரும் ஒரே மாதிரி செய்யவேண்டும்.

அதோடு பொருள் குறிப்பு. சாப்பாட்டுக்கு அவளுடைய ஸ்பூன், வெளியே போக அவள் செருப்பு, தூக்கத்துக்குப் பழைய சேலைத் துண்டு. பொம்மைக் குளியல் தொட்டி, பிளாஸ்டிக் பழம் மாதிரியானவை வேண்டாம். கண்ணால் பார்ப்பவருக்குத்தான் அது தொட்டி, பழம். விரலுக்கு இரண்டுமே வெறும் பிளாஸ்டிக். பொருளைக் கையில் கொடுத்து, அதை அவளே தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து, அங்கே அதையே பயன்படுத்தி, முடிந்ததும் மூடி போட்ட ஒரு வாளிக்குள் போடவேண்டும். 'முடிந்தது' என்பதை அந்த வாளி சொல்லிவிடும்.

இது பழகியதும் மூன்று ஷூ பெட்டிகளை வரிசையாக ஒட்டி, அடுத்தடுத்து நடக்கப்போவதற்கான பொருள்களை இடமிருந்து வலமாக வைக்கலாம். டச்சு அறிஞர் யான் வான் டைக் ரூபெல்லா குழந்தைகளோடு வேலை செய்து வளர்த்த முறை இது.

கேள்விச்சாளரம்_ஆடியாலஜிஸ்ட்:

பிடுங்கி எறிவதற்குக் காரணம் பெரும்பாலும் காதுக்குப் பின்னால்தான். கண்ணாடிக் கம்பியும் மெஷினும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தோலை அறுக்கும். கழற்றியதும் காது மடலின் பின்புறம் சிவந்திருக்கிறதா பாருங்கள். கம்பிக்குப் பதில் தலையைச் சுற்றிவரும் எலாஸ்டிக் பட்டி உள்ள குழந்தைக் கண்ணாடியாக மாற்றினால் அந்த இடம் மெஷினுக்கு மட்டும் கிடைக்கும். மெஷினை நூல் கிளிப்பால் சட்டைப் பின்புறம் மாட்டுங்கள்.

அடுத்து மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்த அளவெடுத்துச் செய்த அச்சு. 5 மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இந்த வயதில் காது வளர்வதால் சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை புது அளவு எடுக்க நேரும். மடியில் சாயும்போது விசில் வரும், அது வேறு. உட்கார்ந்திருக்கும்போதே விசில் வந்தால் மோல்டு தளர்ந்துவிட்டது. விசிலை நிறுத்தச் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள் சிலர். பிறகு மெஷின் காதில் இருந்தும் பயனில்லை. டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மெஷின் காதில் இருக்கவே கூடாது, தேங்காய் எண்ணெய் மைக் துளையை அடைத்துவிடும். இரவில் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வையுங்கள். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடமாவது காற்றுப் படவிடுங்கள்.

மெஷினை நன்றாகப் பொருத்தியும் பலன் தெரியவில்லை என்றால் காக்ளியர் இம்பிளான்ட் (உட்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் கருவி) பற்றி இப்போதே கேளுங்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு 6 வயது வரம்பு உண்டு.

பார்வைப்பயிற்சி_மதுரை:

கண் பக்கம் இரண்டு விஷயம். புரை எடுத்து லென்ஸ் வைக்காத குழந்தைக்கு 3 வயதில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து பைஃபோகல் வேண்டும். இரண்டு பவரையும் பிரிக்கும் கோடு கண்மணியை ஒட்டி இருக்கவேண்டும், கீழே இறங்கியிருந்தால் தட்டில் இருப்பது தெரியாது. இன்னொன்று, ரூபெல்லா குழந்தைகளுக்குப் புரை ஆபரேஷனுக்குப் பிறகும் கண் அழுத்தம் ஏறலாம். வெளிச்சத்தில் கண் கூசுவது, நீர் வடிவது, கருவிழி மங்குவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார வையுங்கள்.

சான்று_உதவி:

சான்றிதழில் பலர் ஏமாறுகிறார்கள். கண் டாக்டரிடம் மட்டும் போய் பார்வைக் குறைபாடு என்று வாங்கி வந்துவிடுவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பல்வகைக் குறைபாடு என்பதற்குள் செவி-பார்வைக் குறைபாடு தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பத்தில் அதையே தேர்ந்தெடுத்து, இரண்டு துறையின் மதிப்பீட்டையும் கேளுங்கள். சதவீதத்தை அப்படியே கூட்டமாட்டார்கள். கண் 60, காது 45 என்றால், 60 + 45 × (90 − 60) ÷ 90 = 75. குழந்தைக்குத் தற்காலிகச் சான்று தந்தால் காலாவதி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல்வகைக் குறைபாடு என்று இருந்தால்தான் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்குப் போகமுடியும்; ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் வேண்டுமானால் சென்னை முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். போகும்போது பெரா ரிப்போர்ட், கண்ணாடிச் சீட்டு, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, இதய எக்கோ இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள்.

கயல்_திண்டிவனம்:

எல்லோருக்கும் நன்றி. குளிப்பதற்கு மக் கொடுக்கலாமா? கழிப்பறையிலும் அதே மக்தான். மாமியார் அவள் கையைப் பிடித்து ஸ்பூனால் சாப்பிடப் பழக்குகிறார், அது சரியா?

சிறப்பாசிரியர்_கடலூர்:

மக் வேண்டாம், ஒரு பொருளுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். நீங்கள் தேய்க்கும் பீர்க்கங்காய் நாரில் ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள், அதற்குக் குழப்பமே இல்லாத சொரசொரப்பு. விளையாடவும் அதையே கொடுத்துவிடாதீர்கள்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: குழந்தையின் கை மேலே, பாட்டியின் கை கீழே. மேலிருந்து பிடித்து நடத்தினால் கை ஒன்று விறைக்கும், இல்லையென்றால் தொங்கிப்போய் நமக்காகக் காத்திருக்கும். இந்தக் குழந்தைக்குக் கை என்பது கண்ணும் கூட. அதை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. ஸ்பூனுக்கு முன்னால் பருப்புச் சாதம் பிசையும்போது பாட்டியின் புறங்கை மேல் அவள் கையை வைத்திருக்கட்டும். எடுத்துக்கொண்டால் எடுக்கட்டும், திரும்ப வரும்வரை பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள்.