சதுரத் துடிப்பு எலக்ட்ரோபொரேட்டர் தேடுகிறேன் – பினாங்கு அல்லது கோலாலம்பூர்

வணக்கம். பினாங்கில் முதுநிலை ஆய்வு மாணவி நான். என் ஆய்வு கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியாவின் டிஎஸ்எம் 1313 வகையில். எலக்ட்ரோபொரேட்டரால் மின்துடிப்பு கொடுத்தும் இதற்குள் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) நுழையவே மாட்டேன் என்கிறது. ஜனவரியிலிருந்து ஒரு காலனிகூட வரவில்லை.

ஆலைகளில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் செம்பனைக் குலைதான் எங்கள் இலக்கு. 60 டிகிரியில் செல்லுலோஸைத் தானே உடைத்து எத்தனால் தரும் நுண்ணுயிர் இது. கூடவே லாக்டேட்டும் அசிடேட்டும் உண்டாக்கும். லாக்டேட் மரபணுவை நீக்கிவிட்டால் அந்தக் கார்பனும் எத்தனாலுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை.

பிளாஸ்மிடை டிசிஎம் மெதிலேற்றம் (டிஎன்ஏவில் ஒருவகை வேதிக்குறி இடுதல்) இல்லாத பிஎல்21 ஈ.கோலையில்தான் வளர்க்கிறோம். ஆக்சிஜன் கசிவு இல்லை, ஆக்சிஜன் பட்டால் இளஞ்சிவப்பாகும் ரெசசூரின் சாயம் நிறமற்றே இருக்கிறது. துடிப்புக்குப்பின் 51 டிகிரியில் ஓய்வு, அப்புறம் பிளாஸ்மிட் ஏறிய செல் மட்டும் பிழைக்கும்படி தயாம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டு. மருந்தில்லாத தட்டில் அதே செல்கள் நன்றாக வளர்கின்றன. ஆக, அவை சாகவில்லை. புதிய பிளாஸ்மிட், புதிய குவெட் (செல்களை ஊற்றித் துடிப்பு கொடுக்கும் சிறு கலம்), மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தது எல்லாம் ஆயிற்று.

மிச்சமிருக்கும் சந்தேகம் கருவிமேல்தான். எங்களுடையது படிப்படியாகத் தேயும் துடிப்பை மட்டும் தரும். இந்த இனத்துக்கு வெளியான செய்முறையோ, மின்னழுத்தம் கடைசிவரை ஒரே அளவில் நிற்கும் சதுரத் துடிப்பைக் கேட்கிறது.

1 மிமீ குவெட்டில் 1500 வோல்ட், 1.5 மில்லிவினாடி சதுரத் துடிப்பு தரும் கருவி, வெளிமாணவருக்கும் இடம் தரும் ஆய்வகம் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ யாருக்காவது தெரியுமா?