குதிகால் வலி தாங்க முடியல, அப்படியே அம்மா காலைப் பத்தியும் கேக்கணும் (சுங்கை சிப்புட்)

லயத்துவீட்டு_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், வயசு 44. ஸ்கூல் கேண்டீன்ல சமையல் வேலை. விடியக்காலைல அடுப்பு முன்னால நின்னா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் உட்கார நேரமில்ல. தரை முழுக்க டைல்ஸ், கால்ல தேஞ்சுபோன ஜப்பான் சிலிப்பர்.

மூணு மாசமா வலது குதிகால்ல வலி. கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கிறப்ப ஆணி ஏறுற மாதிரி இருக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்ரூம் வரைக்கும் போவேன். பத்து நிமிஷம் நடந்தா குறையுது. மத்தியானம் வேன்ல உட்கார்ந்து வந்து வீட்டு வாசல்ல இறங்கினா மறுபடியும் அதே குத்து. ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்து “எலும்பு வளர்ந்திருக்கு”ன்னு மட்டும் சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிடுச்சு, நானே ஃபார்மசில வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு பயத்துல அந்தப் பக்கமே திரும்பப் போகல.

இன்னொன்னு, அம்மாவைப் பத்தி. வயசு 69. 31 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் வெட்டினவங்க. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) 14 வருஷமா இருக்கு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து, புந்தோங்ல இருந்து வெறுங்கால்ல நடந்தாங்க. இந்தத் தடவை கிளம்பவே லேட்டு, வெயில் ஏறி தார் ரோடு கொதிச்சுது. மூணு நாள் கழிச்சு வீட்டுத் தரையில அம்மா நடந்த வழியெல்லாம் ஈரமா ஒரு தடம். தண்ணி சிந்தியிருக்குன்னு துடைச்சேன். திரும்பவும் தடம். காலைத் தூக்கிப் பாத்தா பெருவிரலுக்கு நேர் கீழ ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம் உடைஞ்சு கிடக்கு. “வலிக்கலடி, விடு”ன்னாங்க. மஞ்சள் அரைச்சுப் போட்டோம். இப்ப மூணு வாரம் ஆச்சு. சுத்தி வெள்ளையா தடிச்சிருக்கு, நடுவுல சின்னக் குழி. வலி இல்லாததால அவசரமில்லன்னு நினைக்கிறேன், ஏப்ரல்ல எப்படியும் மருந்து எடுக்கப் போறப்ப காட்டிக்கலாம்.

என் குதிகாலுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்.

பழைய_டிரஸ்ஸர்:

உன் குதிகாலைப் பிறகு பார்க்கலாம், தாயி. நாளைக் காலையில் முதல் வேலையாக அம்மாவை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) கூட்டிக்கொண்டு போ. ஏப்ரல் வரை வைக்கக்கூடாது. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். தேதி வரவில்லை என்று கவுண்டரில் சொன்னால், “இனிப்புநீர்க்காரங்க, கால்ல மூணு வாரமா புண்” என்று சொல். அந்த ஒரு வரி போதும்.

நான் 27 வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன். முதலில் ரப்பர் தோட்டம், பிறகு அதையே செம்பனை ஆக்கினார்கள். என்னிடம் வந்த கால்களில் முள் ஏறிய கால், சேற்றுப்புண், பித்தவெடிப்பு எல்லாம் இருக்கும். கத்திக்கொண்டு வந்தவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை. ஒரு காவல்காரர் ஒருநாள் சாயங்காலம் வந்து, “ஐயா, பூட்ஸுக்குள்ள ஏதோ ஈரமா இருக்கு” என்றார். கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம். பூட்ஸின் அடியில் ஒரு ஓட்டு ஆணி உள்ளே ஏறி நின்றது. காலை ஆறு மணியிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். அவருக்கும் வலிக்கவில்லை. பிறகு முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரை பல வருடம் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் செத்துவிடலாம். நல்ல காலாக இருந்தால் அந்தத் தார் ரோட்டில் உன் அம்மாவே துள்ளி ஓரமாகப் போயிருப்பார். வலிக்காததுதான் இங்கே நோய். கூடவே காலுக்குப் போகும் ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான ரத்தம் வராது. சுற்றி வெள்ளையாகத் தடித்திருப்பதை ஆறுகிறது என்று நினைக்காதே. ஒவ்வொரு அடிக்கும் அதே இடம் உடம்பைத் தாங்குவதால் தோல் காய்த்துப்போகிறது, அதன் அடியில் புண் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கலாம். அந்தக் காய்ப்பைச் சீவி எடுத்து, குழி எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் பிளேடால் சீவிவிடாதே, கடையில் விற்கும் காலாணி பிளாஸ்டரும் ஒட்டாதே. அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் தின்னும்.

இன்றிரவு செய்ய வேண்டியது: மஞ்சளைச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, ஒற்றி எடுத்து, சுத்தமான காஸ் வைத்துக் கட்டு. சுடுதண்ணீரில் காலை ஊறவைக்காதே, சூடு அவருக்குத் தெரியாது. சிவப்பு படர்ந்தாலோ, நாற்றம், சீழ், கறுப்பு தெரிந்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போ.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. இங்குள்ள இந்தியர்களிடம்தான் அதிகம். இதைப் படிக்கிற எல்லாரும் இன்றைக்கு அம்மா அப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் அதையும் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். இனிப்புநீர்க்காரருக்கு உள்ளே எலும்பு நொறுங்கும்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஈப்போ_ஃபிசியோ:

அக்கா, ஐயா சொன்னபடி அம்மாவை முதல்ல கூட்டிட்டுப் போங்க. உங்க வலி பொறுத்துக்கும்.

நீங்க சொல்றது குதிகால் எலும்புல இருந்து விரல்கள் வரைக்கும் பாதத்தின் அடியில ஓடுற தடிச்ச நார்ப்பட்டையில வர்ற வலி மாதிரிதான் இருக்கு. தூங்கறப்ப அது இறுகிப்போகும், எழுந்து முதல் அடி வைக்கிறப்ப சுண்டி இழுக்கும். வேன்ல இருந்து இறங்கறப்ப குத்துறதும் அதனாலதான். எக்ஸ்ரேல தெரிஞ்ச எலும்பு வளர்ச்சிய நினைச்சுப் பயப்படாதீங்க. வலியே இல்லாத எத்தனையோ பேர் கால்லயும் அது இருக்கும். இந்த வலிக்கு ஆபரேஷன் வரைக்கும் போறவங்க ரொம்பக் குறைவு. ஆனா ஒரு வாரத்துல போற வலியும் இல்ல, மாசக்கணக்குல பொறுமை வேணும்.

கட்டில விட்டு இறங்கறதுக்கு முன்னால, காலை நீட்டி, துண்டை விரல்கள்ல மாட்டி உங்க பக்கமா இழுத்து 30 விநாடி பிடிங்க, மூணு தடவை. அதுக்கப்புறம்தான் தரையில கால் படணும். கேண்டீன்ல நேரம் கிடைக்கிறப்ப சுவத்துல கை ஊனி, வலிக்கிற காலைப் பின்னால வச்சு, முட்டி மடங்காம, குதிகால் தரையில இருக்க கெண்டைக்கால இழுத்து நில்லுங்க. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் ஆக்கின தண்ணி போத்தலப் பாதத்துக்கு அடியில போட்டு உருட்டுங்க. அந்த ஜப்பான் சிலிப்பர இன்னைக்கே தூக்கிப் போடுங்க! குதிகால்ல மெத்தை உள்ள சப்பாத்து ஒண்ணு வேலைக்கு, வீட்டுக்குள்ளயும் ஒரு நல்ல செருப்பு.

படுத்திருக்கிறப்பவும் வலிச்சா, மரத்துப்போனா, வீங்கி சிவந்தா, குதிகால ரெண்டு பக்கமும் சேத்து அழுத்தினா வலிச்சா (எலும்புல கீறல் இருக்கலாம்) டாக்டரப் பாருங்க. பின்னங்கால்ல யாரோ உதைச்ச மாதிரி திடீர்னு ‘டப்’னு ஆகி, நுனிக்கால்ல நிக்க முடியலன்னா அது கெண்டைக்கால குதிகாலோட சேக்கிற நார் அறுந்தது, அன்னைக்கே போகணும். வலி மாத்திரையை மாசக்கணக்கா நீங்களே வாங்கிப் போடாதீங்க, வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும். அம்மாவுக்கு இனிப்புநீர்ங்கறதால நீங்களும் நாளைக்கு அங்கேயே ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க அக்கா.

ஃபுட்சால்_அப்பா:

கணுக்கால் பத்தி ஒண்ணு சொல்லணும், இங்க படிக்கிறவங்களுக்கு உதவும். என் மகன் போன வருஷம் ஃபுட்சால்ல கால் மடங்கி விழுந்தான். சுளுக்குன்னு நினைச்சு உருட் (மலாய் மசாஜ்) போடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மூணு நாள் எண்ணெய் போட்டு அமுக்கினாங்க, பையன் அலறினான், நான் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நாலாம் நாள் எக்ஸ்ரேல வெளிக் கணுக்கால் எலும்பு முறிஞ்சிருந்துச்சு. அந்த மூணு நாள் இன்னும் என் நெஞ்ச விட்டுப் போகல.

கனடாவுல ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல வகுத்த ஒரு சோதனையை அப்பதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அடிபட்ட உடனேயும், டாக்டர்கிட்ட வந்தப்பவும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடியல, இல்ல கணுக்கால் முட்டு எலும்போட பின்விளிம்புலயோ நுனியிலயோ தொட்டா வலிக்குதுன்னா எக்ஸ்ரே எடுக்கணும். சுண்டுவிரல் பக்கமா பாதத்தோட நடு எலும்புலயோ உள்பக்க வளைவு எலும்புலயோ தொட்டா வலிச்சாலும் அப்படித்தான். வீக்கம் இருக்கிறப்ப உருட் வேண்டவே வேண்டாம்.

லயத்துவீட்டு_மகள்:

ஐயா, நேத்து லீவு சொல்லிட்டு அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, “தொட்டா சொல்லுங்க மாக்சிக் (அத்தை)”னு சொல்லிட்டு, மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு நைலான் இழைய அது வளையற வரைக்கும் பாதத்துல ஒவ்வொரு இடமா வச்சு அழுத்தினாங்க. அம்மா கண்ணை மூடினபடியே என்கிட்ட “எப்பம்மா தொடுவாங்க?”ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள ஏழு இடம் தொட்டு முடிச்சாச்சு. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு.

காய்ப்பைச் சீவினப்புறம் பாத்தா குழி வெளியில தெரிஞ்சத விடப் பெருசு. எலும்பு வரைக்கும் போகலன்னாங்க, இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்து, ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்திருக்காங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும், அந்த இடத்துல பாரம் படாத மாதிரி செருப்பு தரப்போறாங்க, அதுவரைக்கும் நடையைக் குறைக்கணும். அம்மா வேண்டுதல் கெட்டுப் போயிடுமோன்னு கேட்டாங்க. நடந்து முடிச்சாச்சும்மா, முருகன் வாங்கிக்கிட்டாருன்னு சொன்னேன்.

எனக்கு ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு வியாழக்கிழமை. துண்டு போட்டு இழுக்கிறதை இன்னைக்குக் காலைல ஆரம்பிச்சுட்டேன் தங்கச்சி.

பழைய_டிரஸ்ஸர்:

நல்லது தாயி. அம்மாவின் இன்னொரு காலைப் பார்த்தாயா?

லயத்துவீட்டு_மகள்:

இப்பதான் மடியில வச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன் ஐயா. சுண்டுவிரல் இடுக்குல தோல் வெள்ளையா ஊறி வெடிச்சிருக்கு, சேற்றுப்புண் மாதிரி. கழுவி ஈரம் போகத் துடைச்சுட்டேன். நாளைக்குக் கட்டு மாத்தப் போறப்ப இதையும் காட்டுறேன்.